'வேணும்' என்பதும் 'விசுவசிக்கிறேன்' என்பதும்



உயர்தர வகுப்பிலே தமிழ் உரைநடையின் வரலாற்றைப் படிப்பிக்கும்போது, கரும்பலகையில் 'தம்பிரான் வணக்கம்' என்று எழுதி, அதன் கீழே 1578 என்று ஆண்டையும் குறித்துவிட்டுத் திரும்புவேன். யாராவது ஒரு மாணவன் எழுந்து, "சேர், அது தேவாரம் மாதிரி ஒரு சைவப் புத்தகமா?" என்று கேட்பான். கேள்வியிலே பிழையில்லை. சுந்தரமூர்த்தி நாயனாரைத் 'தம்பிரான் தோழர்' என்று சொல்லி வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். தம்பிரான் என்றால் சிவபெருமான், அல்லது ஒரு மடத்துத் துறவி. வேறு எந்த நினைவும் அவர்களுக்கு வர நியாயமில்லை.

"இல்லைத் தம்பி, அது கத்தோலிக்கர்களுடைய ஞானோபதேசப் புத்தகம்" என்று நான் சொன்னவுடன் வகுப்பில் ஒரு வியப்பு. அந்த வியப்பிலிருந்துதான் இன்றைய பேச்சை ஆரம்பிக்க விரும்புகிறேன். நான் சைவன், தமிழ் படிப்பிப்பவன். கத்தோலிக்கக் கோட்பாடுகளை விளக்குவதற்கு எனக்குள்ள தகுதி ஒன்றே ஒன்றுதான். அந்தக் கோட்பாடுகள் தமிழிலே சொல்லப்பட்ட கதை தமிழ்மொழியின் கதையிலும் ஓர் அத்தியாயம் ஆகும்.

'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆம் திகதி கொல்லத்திலே அச்சாகியது. பதினாறு பக்கங்கள் மட்டுமே கொண்டது. போர்த்துக்கேயரான ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் முத்துக்குளித்துறையிலே பல்லாண்டு வாழ்ந்து, தமிழ் கற்று, இதனை ஆக்கினார். அடுத்த ஆண்டு கொச்சியிலே 'கிரிசித்தியானி வணக்கம்' என்ற பெரிய நூல் வெளிவந்தது. இது ஆசிரியர் வினவ மாணவன் விடை சொல்லும் முறையில் அமைந்தது. இவற்றுக்கும் முன்னர், 1554இல், லிஸ்பன் நகரிலே தமிழ்ச் செபங்கள் உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன. இந்தப் பழைய அச்சு நூல்களைப் பற்றிய அறிவை நம் தலைமுறைக்கு மீட்டுத் தந்தவர்களுள் முதன்மையானவர் ஊர்காவற்றுறை கரம்பொன்னில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள். 1950களில் ஐரோப்பிய நூலகங்களைத் தேடிச் சென்று பார்த்து, தாம் நடத்திய 'தமிழ்க் கல்ச்சர்' இதழிலே அவற்றைப் பற்றி எழுதினார்.

அந்தப் பதினாறு பக்கத்தில் என்னதான் இருந்தது? சிலுவை அடையாளம் இடும் முறை, விசுவாசப் பிரமாணம், இயேசு கற்பித்த செபம், மரியாளை நோக்கிய செபம், பத்துக் கட்டளைகள், ஏழு திருவருட்சாதனங்கள் முதலியவை. எதை நம்ப வேண்டும், எந்தச் சடங்குகளிலே கடவுளின் அருளைப் பெற வேண்டும், எப்படி நடக்க வேண்டும், எப்படி மன்றாட வேண்டும் என்ற நான்கு வினாக்களுக்கு விடை. 1566இல் உரோமாபுரியிலிருந்து வெளிவந்த பெரிய மறைக்கல்வி நூலும் இந்த நான்கையே பேசியது. 1992இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் வெளியிட்ட 'கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி' நூலும் இந்த நான்கு பகுதிகளாகவே வகுக்கப்பட்டது. நானூறு ஆண்டுகளில் எலும்புக்கூடு மாறவில்லை. தமிழிலே மாறியவை அதன்மேல் போர்த்திய சொற்கள்தான்.

இந்தச் சொற்களின் கதையிலே என்னை மிகவும் கவர்ந்த நிகழ்ச்சி அச்சுப் புத்தகத்துக்கும் முந்தியது.

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. கரையோரப் பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்னரே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆயினும் என்ன நம்பிக்கையை ஏற்றார்கள் என்பதை அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. சவேரியார் இரு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களைக் கூட்டிவைத்துச் செபங்களைத் தமிழாக்குவித்தார். தாமே அவற்றை மனனம் செய்தார். தெருத்தெருவாக மணியடித்துச் சென்று சிறுவர்களைச் சேர்த்து, அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1544இல் மணப்பாட்டிலிருந்து தம் தோழரான மன்சிலாசுக்கு எழுதிய ஒரு கடிதத்திலே, அந்த மொழிபெயர்ப்பிலே இரண்டு திருத்தங்களைச் செய்யச் சொல்கிறார்.

முதலாவது திருத்தம் விசுவாசப் பிரமாணத்தின் வினைச்சொல்லைப் பற்றியது. அதுவரை மக்கள் அதனை 'எனக்கு வேணும்' என்று சொல்லி வந்தார்கள். அது 'விரும்புகிறேன்' என்று பொருள்படும். ஆதலால் 'விசுவசிக்கிறேன்' என்று சொல்லுங்கள் என்றார் சவேரியார். இரண்டாவது திருத்தம் கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றியது. அங்கே ஒரு சொல் வழங்கி வந்தது. அவர் போர்த்துக்கேய எழுத்தில் எழுதியதை நாம் 'வம்பினாலே' என்று வாசிக்கலாம். வம்பு என்றால் பலவந்தம். கிறிஸ்து பலவந்தத்தினாலே பாடுபடவில்லை, தம் விருப்பினாலேயே பாடுபட்டார்; எனவே அந்தச் சொல் ஆகாது என்று தடுத்தார்.

நேயர்களே, தமிழிலக்கணம் முறையாகக் கல்லாத ஒரு வெளிநாட்டவர் கடற்கரை மணலிலே நின்று செய்த இந்த இரண்டு திருத்தங்களும் கத்தோலிக்க சமயத்தின் இரண்டு தூண்களைத் தொடுகின்றன. நம்பிக்கை என்பது கேட்டுப் பெறும் வேண்டுதல் அன்று. கடவுளிடம் தன்னையே ஒப்படைக்கும் ஒரு சம்மதம். இது ஒன்று. கிறிஸ்துவின் மரணம் ஒரு கொலையாளியின் வெற்றி அன்று. மனிதரின் பாவத்துக்காக அவர் தாமாக முன்வந்து கொடுத்த பலி. இது மற்றொன்று. ஒரு சொல் தவறினால் ஒரு சமயமே இடம் மாறிப் போகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஆனால் சரியான சொல்லைக் கண்டுபிடிப்பது இலகுவாக இருக்கவில்லை. ஹென்றிக்கஸ் அடிகளார் காலத்தில் பல கருத்துகளுக்குத் தமிழ்ச் சொல்லை எடுக்கவே தயங்கினார்கள். தமிழ்ச் சொல்லை எடுத்தால் அதனோடு பழைய சமயத்தின் பொருளும் ஒட்டிக்கொண்டு வரும் என்ற அச்சம். ஆகவே பரிசுத்த ஆவியை 'இஸ்பிரீத்து சாந்து' என்று போர்த்துக்கேயத்திலேயே விட்டார்கள். பூசைக்கும் 'மீசா' என்ற அந்நியச் சொல்லே. அது தமிழர் காதிலே 'மீசை' என்று விழுந்து நகைப்புக்கு இடமாயிற்று என்று ஒரு கதை உண்டு. தெரியாத சொல்லிலே தவறான பொருள் நுழையாதுதான். ஆனால் எந்தப் பொருளுமே நுழைவதில்லையே!

இந்த அச்சத்தை உடைத்தவர் 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியரான ரொபேட் தெ நோபிலி. தத்துவபோதக சுவாமிகள் என்று தமிழர் அழைத்தார்கள். காவி உடுத்து, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் கற்று, இங்குள்ள சொற்களையே எடுத்தாண்டார். அவருடைய முறை சரிதானா என்ற வழக்கு உரோமாபுரி வரை சென்றது. 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். முதுமையிலே சில காலம் அவர் யாழ்ப்பாணத்திலும் இருந்தார் என்பது நமக்கு ஒரு மகிழ்ச்சி. கோயில், குரு, வேதம், மந்திரம், பூசை, பிரசாதம் என்ற சொற்களெல்லாம் கத்தோலிக்கத் தமிழிலே வேரூன்றியது இந்த வழியினாலேதான்.

பழைய கத்தோலிக்கர் ஏழு திருவருட்சாதனங்களை 'தேவதிரவிய அனுமானங்கள்' என்று சொல்வார்கள். என் மாணவருக்கு இது வாயிலே நுழையாது. ஆனால் 'அனுமானம்' தருக்க நூலின் சொல் அல்லவா? புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று கருதுவது அனுமானம். கண்ணுக்குத் தெரியும் தண்ணீர், எண்ணெய், அப்பம், இரசம் ஆகிய அடையாளங்களினூடாகக் கண்ணுக்குத் தெரியாத தெய்வச் செல்வம் கிடைக்கிறது என்பதுதான் அந்தத் தொடரின் கருத்து என்று நான் கொள்வேன். இதனிலும் இறுக்கமாக அந்தக் கோட்பாட்டைச் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வேறுபாட்டை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். புகை நெருப்பை அறிவிக்கும், நெருப்பைத் தராது. கத்தோலிக்கரின் அருட்சாதனமோ தான் குறிப்பதைத் தரவும் செய்யும். அப்பமும் இரசமும் பூசையிலே கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகவே மாறுகின்றன என்பது அவர்களுடைய உறுதியான நம்பிக்கை.

சொல் ஒன்றாக இருந்தும் பொருள் வேறாகும் இடங்களும் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டால்தான் அயலவரின் சமயத்தை உண்மையில் அறிந்தவர்களாவோம்.

'அமலோற்பவம்' என்ற சொல்லைப் பாருங்கள். மலம் என்பது சைவ சித்தாந்தத்தின் உயிர்நாடியான சொல். மலமின்றி உற்பவித்தவள் மரியாள் என்பது 1854இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் பிரகடனம் செய்த கோட்பாடு. இது இயேசு கன்னியிடம் பிறந்ததைக் குறிப்பதென்று நம்மிற் பலர் நினைக்கிறார்கள். அது பிழை. மரியாள் தன் தாயின் வயிற்றிலே கருவான கணத்திலேயே சென்மபாவத்தின் கறை இல்லாதிருந்தாள் என்பதே இதன் பொருள். இனி, அந்தச் சென்மபாவமும் நமது ஆணவமலமும் ஒன்றா? அன்று. ஆணவம் அநாதி, உயிர் என்று உண்டோ அன்றே அதுவும் உண்டு, செம்பிலே களிம்பு போல. சென்மபாவத்துக்கோ தொடக்கம் உண்டு. கடவுள் படைத்த மனிதன் நல்லவனாகவே இருந்தான், தன் கீழ்ப்படியாமையினாலே வீழ்ந்தான் என்கிறது கத்தோலிக்கம். எனினும் தன் முயற்சியால் மட்டும் உயிர் அந்தக் கட்டினின்றும் விடுபட முடியாது, அருள் வேண்டும் என்பதிலே இரு சமயங்களும் அயல் வீட்டார்தான்.

'திரித்துவம்' என்றவுடன் நம் மனம் மும்மூர்த்திகளிடம் ஓடும். அதுவும் பொருந்தாது. படைக்க ஒருவர், காக்க ஒருவர், அழிக்க ஒருவர் என்ற தொழிற்பிரிவு அங்கே இல்லை. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற மூவருக்கும் தெய்வ இயல்பு ஒன்றே, கடவுள் ஒருவரே. இந்த மூவரையும் குறிக்க நுட்பமான வடசொல் ஒன்றைத் தேடாமல், பழைய ஞானோபதேசம் 'மூன்று ஆட்கள்' என்று சொல்லிற்று. நாம் அன்றாடம் பேசும் 'ஆள்' தான்! அவ்வாறே 'அவதாரம்' என்பதும். திருமாலின் அவதாரங்கள் பல. சிவபெருமானோ பிறப்பிலி. கத்தோலிக்கர் சொல்லும் அவதாரம் ஒருமுறையே நிகழ்ந்தது; பசியும் கண்ணீரும் மரணமும் உள்ள முழு மனிதராகவே நிகழ்ந்தது; மீண்டும் நிகழாதது. கடவுள் பிறப்பதா, இறப்பதா என்று ஒரு சைவ மனம் தயங்குவது இயல்பு. அந்தத் தயக்கத்தை மறைக்க வேண்டியதில்லை. அந்த இறப்போடு கதை முடியவில்லை, மூன்றாம் நாள் உயிர்த்தார் என்பதிலேயே அவர்களுடைய முழு நம்பிக்கையும் தங்கியிருக்கிறது என்பதை அறிந்தால் போதும்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். விருப்பினாலே, வம்பினாலே அன்று என்று சவேரியார் எழுதிய அந்த 1544ஆம் ஆண்டிலேயே, மன்னாரில் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற பலர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படையினாலே கொல்லப்பட்டார்கள். பின்னர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தார்கள். 1658இல் வந்த ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்து, கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரணதண்டனை என்றார்கள். யார் கையில் ஆட்சி இருந்ததோ அவர் கையில் வம்பும் இருந்தது. இதிலே எந்தத் தரப்பாருக்கும் தலைநிமிர்ந்து பேச இடமில்லை.

ஆயினும் அந்தத் தடைக்காலமே ஈழத்துக் கத்தோலிக்கத்தின் பொற்காலத்துக்கு வித்திட்டது. 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேவாஸ் அடிகளார் கூலியாள் வேடத்திலே இந்நாட்டுக்கு வந்தார். படைபலமில்லை, அரசபலமில்லை, பணமில்லை. தமிழைக் கற்றார். யாழ்ப்பாணத்திலே சில்லாலையை இருப்பிடமாகக் கொண்டு இரவிலே மக்களைச் சந்தித்தார். கண்டிக்குச் சென்றபோது ஒற்றரென்று சிறைப்பட்டார்; பின்னர் அதே கண்டியின் பௌத்த மன்னரே அவருக்குச் சமயப்பணி செய்ய இடமளித்தார். 1711இல் கண்டியிலேயே காலமானார். 1995இல் காலிமுகத்திடலிலே முத்திப்பேறு பெற்றவராகவும், 2015இல் அதே திடலிலே புனிதராகவும் அறிவிக்கப்பட்டார்.

அவருக்குப் பின் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்களை எழுதிக் குவித்தார். கொங்கணி பேசும் ஒருவர் இரு மொழியிலும் இத்துணைப் புலமை பெற்றது வியப்பே. தவக்காலத்திலே கிறிஸ்துவின் பாடுகளை நினைந்து வாசிக்கும் அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' நம் கரையோரக் கிராமங்களிலே தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. ஒல்லாந்தரின் அச்சகம் 1737இல் கொழும்பிலே வேலை தொடங்கியது. ஆனால் அது கத்தோலிக்கருக்காக இயங்கவில்லை. அவர்களுக்கு ஓலையும் எழுத்தாணியும் மனனமுமே துணை. குருவானவர் ஆண்டுக்கொருமுறைகூட வரமுடியாத ஊர்களிலே மூப்பரும் அண்ணாவியும் செபம் சொல்லிக்கொடுத்து, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்து, இறந்தவரை அடக்கம் செய்து சமயத்தைக் காத்தார்கள். ஞானோபதேசம் ஏன் வினாவும் விடையுமாக, ஓசையோடு, குறுகிய வாக்கியங்களாக அமைந்திருந்தது என்பது இங்கேதான் விளங்கும். புத்தகம் இல்லாதபோதும் அது வாயிலே நிற்க வேண்டும்.

வினாவிடை முறை நமக்குப் புதிதன்று. சித்தாந்த சாத்திரங்களுள் 'உண்மை விளக்கம்' மாணவன் கேட்கக் குரு சொல்வதாகவே அமைந்தது. ஆனால் பாடசாலைப் பிள்ளைகளுக்கென அச்சிட்ட சிறு வினாவிடை நூல் மிஷனரிகளின் கையாயுதமாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நல்லூர் ஆறுமுக நாவலர் அந்த ஆயுதத்தையே எடுத்துச் 'சைவ வினாவிடை' எழுதினார். நம் வீடுகளிலே பிள்ளைகள் பாடமாக்கும் அந்தச் சிறு புத்தகத்துக்கும் கொச்சியில் அச்சான நூலுக்கும் இப்படியொரு தூரத்து உறவுண்டு.

சொற்களின் பயணம் இன்னும் முடியவில்லை. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம், பூசையை இலத்தீனுக்குப் பதிலாக மக்கள் மொழியில் நடத்த வழிவிட்டது. ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று. பூசை திருப்பலியாயிற்று. பரிசுத்த ஆவி தூய ஆவியாயிற்று. பழைய சொற்களோடு வளர்ந்த முதியோர் சிலருக்கு இது சங்கடமே. ஆனால் சில மாற்றங்கள் வெறும் தனித்தமிழ் ஆர்வத்தால் வந்தவை அல்ல. 'அவஸ்தைப்பூசுதல்' என்ற அருட்சாதனத்தை இன்று 'நோயில்பூசுதல்' என்கிறார்கள். முன்பு குருவானவர் எண்ணெய்ச் சிமிழோடு வீட்டுக்கு வந்தால் நோயாளி இனித் தேறமாட்டார் என்று வீடே அழும். அது சாகும் தறுவாயிலுள்ளவருக்கு மட்டும் உரியதன்று, கடும் நோயுற்றவருக்கு ஆறுதலும் பலமும் தருவது என்று சங்கம் தெளிவாக்கியது. கோட்பாடு துலங்கியபோது சொல்லும் துலங்கியது. அதே சங்கம் 1965இல், இந்து சமயம் உட்பட ஏனைய சமயங்களிலுள்ள உண்மையும் புனிதமுமான எதனையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்றும் அறிவித்தது. நோபிலி சொற்களிலே செய்ததை, முந்நூறு ஆண்டுகளின் பின் திருச்சபை கொள்கையாகவே சொல்லிற்று எனலாம்.

கொட்டாஞ்சேனையிலே சில காலம் குடியிருந்தவன் நான். செவ்வாய்க்கிழமைகளிலே கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகும் கூட்டத்தை நீங்களும் கண்டிருப்பீர்கள். அந்தோனியார் 1231இல் இறந்து ஒரு செவ்வாய்க்கிழமை அடக்கம் செய்யப்பட்டவர். அதனால் அந்த நாள். கூட்டத்திலே கத்தோலிக்கர் மட்டுமா நிற்கிறார்கள்? பொன்னம்பலவாணேசரை வணங்கிய திருநீற்றோடு நேரே இங்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்றும் நம்மவரும் உண்டு. சிங்களப் பௌத்தர்களும் உண்டு. வேலை வேணும், பிள்ளை வேணும், வெளிநாடு போன மகனுக்கு விசா வேணும். அந்தோனியார் தாமாக எதையும் தருவதில்லை, நமக்காகக் கடவுளிடம் பரிந்து பேசுகிறார் என்றே கத்தோலிக்கக் கோட்பாடு சொல்லும். ஆராதனை கடவுளுக்கு மட்டும், புனிதர்களுக்கு வணக்கம் மாத்திரமே. ஆனால் அந்த வரிசையிலே நிற்கும் தாய்மார் இந்த வேறுபாட்டை எண்ணியா நிற்கிறார்கள்? முத்துக்குளித்துறை மக்கள் அன்று சொன்ன 'எனக்கு வேணும்' இன்றும் அங்கே ஒலிக்கிறது. சவேரியார் செய்த திருத்தம் கோட்பாட்டளவில் சரி. என்றாலும் மனிதன் கடவுளிடம் போகும்போது முதலில் வாயிலே வருவது 'வேணும்' தான். 'விசுவசிக்கிறேன்' என்பது பின்னர், பெரும்பாலும் கேட்டது கிடைக்காதபோது, மெல்ல வரும் சொல்.

1883இல் உயிர்த்த ஞாயிறன்று இதே கொட்டாஞ்சேனையிலே பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கர் சிலர் தாக்கிப் பெருங்கலகம் மூண்டது. 2019 ஏப்ரல் 21, மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறு. அந்தோனியார் கோயிலிலே திருப்பலியில் நின்றவர்கள் குண்டுவெடிப்பில் மாண்டார்கள். நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பிலும், தலைநகரின் ஹோட்டல்களிலும் அதே காலையிலே அதே கொடுமை. 'வம்பினாலே' என்ற சொல்லின் முழுப் பொருளையும் அன்று இந்த நகரம் கண்டது. சில வாரங்களின் பின், யூன் மாதம், திருவிழாவுக்கு முன்பாகவே கோயில் மீண்டும் திறக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமைக் கூட்டமும் திரும்பி வந்தது. அந்தக் கூட்டத்தை யாரும் வற்புறுத்தி அழைத்து வரவில்லை.

இவற்றையெல்லாம் என் மாணவருக்கு நான் சொல்வதற்குக் காரணம், அவர்கள் மதம் மாற வேண்டும் என்பதோ மாறக்கூடாது என்பதோ அன்று. பக்கத்து வாங்கிலிருக்கும் அந்தோனிப்பிள்ளை 'முதல் நன்மை' எடுத்தான் என்றால் அது என்னவென்று ஆறுமுகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருவர் வீட்டிலும் 'அருள்' என்ற சொல் வழங்குகிறது. ஒருவன் வீட்டில் அதற்கு என்ன பொருள் என்பதை மற்றவன் கேட்டறிய வேண்டும்; அதையும் அவன் விருப்பினாலே கேட்க வேண்டும். அடுத்த முறை 'தம்பிரான் வணக்கம்' என்று கரும்பலகையில் எழுதும்போதும் அதே கேள்வி எழும். அது சைவப் புத்தகம் அன்று என்று நான் மறுபடியும் சொல்வேன். நம்முடைய புத்தகம் என்பதையும் கூடவே சொல்லி வைப்பேன்.